448 வானொலி நிலையங்கள் விற்பனைக்கு: கிருஷ்ணகிரியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சேலத்திலிருந்து ஒலிபரப்பான ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்துக்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சில ஆண்டுகள் விளம்பரம் பிடித்துத் தந்தவன் நான். அண்மையில் கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு கல்லூரியில் இதழியல் மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் சிறிய ஊர் நிலையங்களை ஏன் கைகழுவுகின்றன என்பது தலைப்பு. அமெரிக்காவின் கிளியர் சேனல் நிறுவனம் 2006இல் செய்ததை எடுத்துச் சொன்னேன். பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கேள்விகள் மட்டும் இன்றுவரை வாட்ஸ்ஆப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே கேள்விக்குப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக வைக்கிறேன்.

நடந்தது என்ன? வகுப்புக்கு வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1972இல் ஒரே ஒரு எஃப்.எம். நிலையத்தோடு தொடங்கிய நிறுவனம் அது. 2006இல் அதன் கையில் 1,100க்கும் மேற்பட்ட வானொலி நிலையங்கள் இருந்தன. அமெரிக்காவில் வேறு யாரிடமும் அவ்வளவு இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. பெய்ன் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ பார்ட்னர்ஸ் என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலையே வாங்கப்போகின்றன என்பது ஒன்று. பழைய கடனையும் சேர்த்தால் பேரத்தின் மதிப்பு சுமார் 2,670 கோடி டாலர். முதல் 100 சந்தைகளுக்கு வெளியே இருக்கும் 448 வானொலி நிலையங்களும், 42 தொலைக்காட்சி நிலையங்களும் விற்பனைக்கு என்பது மற்றொன்று.

‘முதல் 100 சந்தை’ என்றால் என்ன கணக்கு?

அங்கே வானொலி கேட்போரைக் கணக்கெடுத்த ஆர்பிட்ரான் என்ற நிறுவனம், மக்கள்தொகையை வைத்து ஊர்களுக்கு வரிசை எண் கொடுத்திருந்தது. நியூயார்க் முதலிடம். நூறுக்குக் கீழே வருவன எல்லாம் நம் தருமபுரி, திருவண்ணாமலை போன்ற ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் விவசாயம், நடுவில் ஒரு கடைவீதி, ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை. விளம்பரம் தருபவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த நிலையங்கள் நஷ்டத்தில் ஓடியிருக்கும். அதனால்தானே விற்றார்கள்?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். மாணவர்கள் மட்டுமல்ல, காரிமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனரும் இதையேதான் கேட்டார். ஓடாத கடையைத்தான் விற்பார்கள் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம்.

இங்கே விற்பனைக்குக் காரணம் நஷ்டம் இல்லை. சிறிய ஊர் நிலையங்களில் பல ஒழுங்காகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவை. போட்டி குறைவு, செலவு குறைவு, உள்ளூர்க் கடைக்காரர் வருடா வருடம் விளம்பரம் தருவார். ஆனால் விற்பனைக்கு வைத்த வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்து நிறுவனத்தின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலையங்களின் எண்ணிக்கையில் ஐந்தில் இரண்டு பங்கு, வருமானத்திலோ ஒரு துளி. பெரிய நகரத்து நிலையம் ஒன்றுக்கு எத்தனை கணக்குப் புத்தகம், எத்தனை உரிமப் புதுப்பிப்பு, எத்தனை வழக்கறிஞர் கட்டணமோ, சிறிய ஊர் நிலையத்துக்கும் ஏறக்குறைய அத்தனை உண்டு. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது தொல்லை.

அதைவிடப் பெரிய காரணம் கடன். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி வாங்குவதை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பதைக் கொஞ்சம் முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியை லாரியின் பேரிலேயே கடனாக எழுதுவார்கள். லாரி ஓடித்தான் தவணை கட்ட வேண்டும். முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்கியதும் இப்படித்தான். கடன், வாங்கியவர் தலையில் இல்லை. வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில். பத்து லாரி உள்ளவர் தவணைக்கு மூச்சு முட்டும்போது எந்த லாரியை முதலில் விற்பார்? நஷ்டம் தரும் லாரியை யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள். ஓரளவு ஓடுகிற, ஆனால் தன் முக்கியத் தடத்தில் இல்லாத வண்டியைத்தான் தள்ளிவிடுவார்.

ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேரும்வரை அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

வாசலைத் திறந்துவிட்டதே அரசுதான். அதுவரை ஒருவர் நாடு முழுவதும் 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 1996 பிப்ரவரியில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நாடளாவிய உச்சவரம்பை முற்றிலும் எடுத்துவிட்டது. மிகப்பெரிய சந்தைகளில் ஒரே உரிமையாளர் 8 நிலையங்கள்வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ஆடி மாதத் துணிக்கடைபோல வாங்கிக் குவித்தார்கள்.

ஒரு நிலையத்துக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்?

கருவியைப் பார்த்து இல்லை. கோபுரம், டிரான்ஸ்மிட்டர், மைக், மிக்ஸர் எல்லாம் பழைய இரும்பு விலைதான். உரிமமும் வருமானமும்தான் சரக்கு. ஆண்டுக்குச் செலவு போக எவ்வளவு கையில் நிற்கிறது என்று பார்த்து, அதை இத்தனை மடங்கு என்று பெருக்குவார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பை விலை பேசும்போது மண்ணின் விலையோடு, மரம் ஆண்டுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்பதைப் போல. ஒரு நிலையத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் நிற்கிறது, மடங்கு 10 என்றால், விலை 50 லட்சம் டாலர்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்து மடங்கு என்றால், காய்ப்பு குறையாமல் பத்து ஆண்டு போனால்தான் போட்ட பணம் திரும்பும். வாங்கியவர் அதுவரை பொறுக்கமாட்டார், வட்டி பொறுக்கவிடாது. எனவே வந்தவுடன் செலவைக் குறைப்பார். வானொலியில் செலவு என்றால் ஆள்தான்.

கடைசியில் யார்தான் வாங்கினார்கள்?

பலர், துண்டு துண்டாக. எல்லாம் போய்விடவும் இல்லை. 187 சிறிய ஊர் நிலையங்களை மொத்தமாக 45 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க குட்ரேடியோ.டிவி என்ற நிறுவனம் 2007இல் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவில் கடன் சந்தை இறுகிய நேரத்தில் அது முறிந்துபோயிற்று. தொலைக்காட்சி நிலையங்கள் பிராவிடன்ஸ் ஈக்விட்டிக்குப் போயின, அதுவும் பேசிய விலையைக் குறைத்த பிறகு. ஆள் கிடைக்காத நிலையங்களைப் பழைய உரிமையாளரே வைத்துக்கொண்டார். விற்கப்போவதாக அறிவித்துவிட்டு, பிறகு விற்க முடியாத வீட்டில் குடியிருப்பதுபோல.

மைனாட் என்ற ஊரைப் பற்றிச் சொன்னீர்களே, அது இந்த விற்பனையோடு எப்படிச் சேர்கிறது?

விற்பனைக்கு நான்கு ஆண்டு முந்தைய சம்பவம் அது. ஆனால் சிறிய ஊர் வானொலி என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் அமெரிக்கர்கள் முதலில் சொல்வது இந்த ஊர்ப் பெயரைத்தான்.

மைனாட் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அப்போது மக்கள்தொகை சுமார் 36 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகரத்தில் இருந்தவர்களில் பாதியைவிடச் சற்றுதான் கூடுதல். அந்தச் சிறிய ஊரில் 6 வணிக வானொலி நிலையங்கள், ஆறும் கிளியர் சேனலுடையவை.

2002 ஜனவரி 18, அதிகாலை 1.37 மணி. ஊரை ஒட்டிச் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது. 31 பெட்டிகள். அவற்றில் ஐந்து டேங்கர்கள் உடைந்து அமோனியா வெளியேறியது. அந்த ஊர் விவசாயிகள் நம்மைப்போல யூரியா மூட்டை வாங்கிப் போடுவதோடு நில்லாமல், திரவ அமோனியாவையே நேரடியாக மண்ணில் செலுத்துவார்கள். அதற்காகப் போன சரக்கு. உறைபனிக் குளிரில் வெண்மேகம்போல அது வீடுகளின்மேல் படிந்தது. மின்சாரம் போனது. அவசரத் தொலைபேசி எண்ணில் அழைப்புகள் குவிந்து நெரிந்தன. கதவைத் திறந்து ஓடுவதா, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதா? இருட்டில் பேட்டரி ரேடியோவைத் திருப்பினால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

காவல் துறையினர் அவசர அறிவிப்புக்கென்று குறித்துவைத்த நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எடுப்பார் இல்லை. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள்.

நிறுவனம் சொன்ன பதிலையும் சொல்லியாக வேண்டும். கட்டடத்தில் ஊழியர் இருந்தார், ஊர்மக்கள் அழைத்து அழைத்துத் தொலைபேசி அடைத்துக்கொண்டது என்றார்கள். நிலையத்தில் ஆளே இல்லாவிட்டாலும் ஒலிபரப்பில் புகுந்து எச்சரிக்கை கொடுக்கும் தானியங்கி அமைப்பு இருக்கிறது, காவல் துறை அதைச் சரியாக இயக்கத் தெரியாமல் விட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆறு நிலையங்களும் ஆறு வெவ்வேறு ஆள்களிடம் இருந்திருந்தால், காவலர்கள் இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் சுழற்றியிருப்பார்கள். யாராவது ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு எடுத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊத்தங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் முதல் தேதி இரவும் மறுநாள் காலையும் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் அங்கே 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்கள் பொம்மைபோல அடித்துச் செல்லப்பட்டதைக் காலையில்தான் உலகம் பார்த்தது. வகுப்பில் ஊத்தங்கரை மாணவி ஒருவர் என்னிடம் கேட்டது: “சார், அந்த இரவு இரண்டு மணிக்கு எங்கள் தெருப் பெயரைத் தெரிந்த ஒரு குரல் எந்த அலைவரிசையில் இருந்திருக்கும்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆளே இல்லாமல் நிலையம் எப்படி ஓடும்? அறிவிப்பாளர் பேசுகிறாரே?

பேசுகிறார், ஆனால் உங்கள் ஊரில் இருந்து இல்லை. வாய்ஸ் டிராக்கிங் என்று பெயர். எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வரும் பேச்சை மட்டும் பதிவு செய்துவிடுவார். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு அரை மணி நேரப் பதிவு போதும். மென்பொருள் அதை உரிய இடங்களில் செருகிக்கொள்ளும். ஒரே குரல் காலையில் ஐந்து ஊர்களுக்கு வணக்கம் சொல்லும்.

என் அனுபவம் ஒன்று. பாலக்கோட்டில் பம்ப்செட் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் மூன்று மாத விளம்பரம் பிடித்திருந்தேன். எழுதிக் கொடுத்த வாசகத்தை வெளியூர் ஸ்டுடியோவில் யாரோ படித்துப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் காலை கடை வாசலில் ஸ்டூல் போட்டு, டிரான்சிஸ்டரை அதன்மேல் வைத்து, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டி வைத்திருந்தார். எனக்கும் ஒரு டீ. விளம்பரம் வந்தது. கணீரென்ற குரல், பின்னணியில் தண்ணீர் கொட்டும் ஓசை எல்லாம் பிரமாதம். கடைசி வரி: “பாலக்காடு பேருந்து நிலையம் எதிரில்.”

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. பெரியவர் ரேடியோவை மெல்ல அணைத்துவிட்டு, “தம்பி, கேரளாவில் நமக்குக் கிளை இல்லையே” என்றார். அந்த மாதப் பணத்தை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. திருத்திய பதிவு வர ஒன்பது நாள் ஆயிற்று.

இந்தியாவில் இப்படி வாங்கிக் குவிக்கவும் மொத்தமாக விற்கவும் முடியுமா?

அவ்வளவு எளிதில் முடியாது. தனியார் எஃப்.எம். மூன்றாம் கட்டக் கொள்கையில், நாட்டில் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது என்ற விதி இருந்தது (சில எல்லைப் பகுதிகளுக்கு விலக்கு உண்டு); 2022இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் ஒரே நகரத்தில் 40 சதவீதம் உச்சவரம்பு, குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் இருக்க வேண்டும். ஒலிபரப்பு தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பங்குதாரர் கைமாற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

ஆனாலும் கைமாறுகின்றன. டி.வி. டுடே நிறுவனம் தன் ஓயே எஃப்.எம். வரிசையில் அமிர்தசரஸ், பாட்டியாலா, சிம்லா, ஜோத்பூர் ஆகிய நான்கு நிலையங்களை 2015இல் மிர்ச்சி குழுமத்துக்கு விற்றது. நான்கும் சேர்த்து விலை 4 கோடி ரூபாய்! ஓசூரில் ஒரு நல்ல மனைக்கே அந்த விலை கேட்பார்கள். பிக் எஃப்.எம். இன்னொரு விதம். 58 நிலையங்கள் கொண்ட அந்தக் கட்டமைப்பு திவால் நடவடிக்கைக்குப் போய், 2024இல் சபையர் மீடியா கைக்குச் சென்றது. அங்கேயும் விற்க வைத்தது கடன்தான்.

தருமபுரி 102.5ஐ விற்றுவிடுவார்களா?

அது ஆகாசவாணியின் பண்பலை, பிரசார் பாரதியின் சொத்து. தனியார் நிலையத்தைப்போல உரிமத்தைக் கைமாற்றும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொது நிறுவனத்தில் வேறு வகையாக நடக்கும். கதவு திறந்தே இருக்கும், உள்ளூர் நிகழ்ச்சியின் நேரம் மட்டும் சுருங்கி, மீதியை வேறு ஊரிலிருந்து அஞ்சல் செய்வார்கள். எனவே ‘விற்பார்களா’ என்று கேட்பதைவிட, ‘இன்று எத்தனை மணி நேரம் தருமபுரியிலிருந்தே வந்தது’ என்று காதால் எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்களுக்குத் தனியார் எஃப்.எம். ஏன் வரவில்லை?

தனியார் எஃப்.எம். ஏலத்தில் நகரங்களை மக்கள்தொகையால் தரம் பிரிக்கிறார்கள். கடைசித் தரமான ‘டி’ பிரிவுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 2011 கணக்கில் தருமபுரி நகரம் சுமார் 68 ஆயிரம், கிருஷ்ணகிரி நகரம் சுமார் 71 ஆயிரம். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 33 லட்சம் பேருக்கு மேல் இருந்தோம் என்பது இந்தக் கணக்கில் ஏறாது, ஏனென்றால் நாம் கிராமங்களில் சிதறிக் கிடக்கிறோம். போதாக்குறைக்கு மலைகள். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, மேடு குறுக்கிட்டால் மங்கிவிடும். சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது தொப்பூர் கணவாயில் பாட்டு கரகரத்து அறுந்துபோவதை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். அவர்களுக்குக் கன்னடப் பாட்டும் பெங்களூரு போக்குவரத்து நெரிசலும் அத்துப்படி, தேன்கனிக்கோட்டைச் சாலையில் யானை நிற்பதுதான் தெரியாது.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. அதற்கே ‘சின்ன ஊருக்கு யார் வருவார்கள்’ என்ற தயக்கம் தொழிலில் இருக்கிறது.

நாமே ஒன்று தொடங்கலாமா?

சமுதாய வானொலி தொடங்கலாம். கல்வி நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்கும் கட்சிக்கும் கிடைக்காது. நாட்டிலேயே முதல் வளாக வானொலி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கியதுதான். ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், சமவெளியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 2024இல் 12 நிமிடமாக உயர்த்தினார்கள்.

பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம். ஒகேனக்கலில் வினாடிக்கு எத்தனை கன அடி, பரிசல் உண்டா இல்லையா. இவற்றை மட்டும் நாள்தோறும் சொன்னாலே கேட்க ஆள் உண்டு. செய்தி வாசிக்கத்தான் அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, வெள்ள எச்சரிக்கை, மின்தடை அறிவிப்பு போன்றவற்றை விதி ‘செய்தி’ என்று கருதுவதில்லை. பலருக்கும் இது தெரியாது.

ஆனால் மாதச் செலவை முன்பே கணக்குப் போடுங்கள். திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் டீசல் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றாது.

அந்தக் கிளியர் சேனல் இப்போது எங்கே?

2014இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018 மார்ச்சில், தலையில் 2,000 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடனில் பாதிக்கு மேல் கழிந்தபின் 2019இல் வெளியே வந்தது. இன்னும் 800க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதனிடம் இருக்கின்றன.

வீட்டில் பழைய ரேடியோ இருக்கிறது. வைத்துக்கொள்ளவா, எடைக்குப் போடவா?

வைத்துக்கொள்ளுங்கள். புதிய கைப்பேசிகள் பலவற்றில் எஃப்.எம். இல்லை. இருந்தாலும் மின்சாரமும் டவரும் போன இரவில் சார்ஜ் எத்தனை நேரம் நிற்கும்? செல் போடும் இடத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் தூள் பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் ஸ்பிரிங்கைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, புதிய செல் போட்டு 102.5இல் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிறகு செல்லைக் கழற்றி, ரேடியோவோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். செல்லை உள்ளேயே விட்டீர்களானால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடியும் பூத்துவிடும்.